ஒரம்பரை எலிகள்

எங்கள் டைரக்டர் ஒரு எலியைக்கூடக் கையால் தொட்டவர் இல்லை. ஆனால் எலிகளைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல அவரிடம் ஏராளம் இருந்தது. வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்த இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டே மிச்ச ஆயுளை ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். காபி ஆறியிருந்தால் "அங்கெல்லாம்" என்று ஆரம்பிப்பார். கரண்ட் போனால் "அங்கெல்லாம்". மின்விசிறி கிரீச்சிட்டாலும் அதேதான். சிறுவாணித் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே ஊரைக் குறைசொல்லும் ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கோயமுத்தூரில் மில்கள் ஒவ்வொன்றாகச் சங்கு ஊதுவதை நிறுத்திக்கொண்டிருந்த காலம். ஒரு மில் குடும்பத்து டிரஸ்ட், பஞ்சு குடோனாக இருந்த கட்டடத்துக்கு வெள்ளையடித்து, உள்ளே தடுப்புகள் போட்டு, ஆராய்ச்சி நிலையம் என்று போர்டு மாட்டியிருந்தது. மழை பெய்தால் சுவரிலிருந்து பஞ்சு வாசம் வரும். அங்கே நான் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர். தற்காலிகம் என்பதை மட்டும் யாரும் மறக்க விடமாட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதம் வரும். வராவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். பெட்டி எங்கே போகும் என்பதும் முடிவாகியிருந்தது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு. பக்கத்து ஊரில் கயிறு மில் வைத்திருந்த ஒருவருக்கு என்னைக் கொடுப்பதாக வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"எலியெல்லாம் கையில தொடுவீங்களா?"

தொடுவேன் என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். நான் எம்.எஸ்சி.யில் வாங்கிய தங்க மெடல் பின்னால் அலமாரியில் இருந்தது. அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வாழ்நாள் முழுக்க அந்த முறுக்குச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அப்பாவிடம் சண்டை போட்டதில் கடைசியாக ஒரு ஒப்பந்தம் ஆனது. அடுத்த தை மாதத்துக்குள் வேலை பர்மனென்ட் ஆனால் நான் என் இஷ்டப்படி கோயமுத்தூரிலேயே இருந்துகொள்ளலாம். ஆகாவிட்டால் தையில் கல்யாணம். பர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடும் கை எங்கள் டைரக்டருடையது.

இனி வேலையைச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் காயம் பட்டால் ரத்தத்தில் முதலில் ஓடிவருபவை பிளேட்லெட்டுகள். பள்ளிப் புத்தகத்தில் ரத்தத் தட்டுகள் என்று போட்டிருக்கும். காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கும். அதை நாங்கள் கண்ணாடிக் குழாயில் செய்து பார்த்தோம். ரத்தத்தை மெஷினில் சுழற்றினால் சிவப்பு கீழே தங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கலான மஞ்சள் நீரில் பிளேட்லெட்டுகள் மிதக்கும். அதன் வழியாக வெளிச்சத்தை அனுப்பி, உறையத் தூண்டும் மருந்து ஒரு சொட்டு விடவேண்டும். பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு திரண்டால் கலங்கல் தெளியும், வெளிச்சம் கூடும், காகிதத்தில் பேனா மேலே ஏறும். அவை சும்மா இருந்தால் பேனா படுத்தே கிடக்கும். இந்த ஏறுவதையும் படுப்பதையும் பார்ப்பதுதான் மூன்று வருடம் என் பிழைப்பு.

தூண்டும் மருந்துகள் மூன்று குப்பிகளில் இருந்தன. ஒன்று கொலாஜன், தோலுக்கு அடியில் இருக்கும் நார்ப்பொருள், காயம் பட்டால் ரத்தம் முதலில் அதைத்தான் தொடும். இரண்டாவது த்ராம்பின், முரட்டு ஆசாமி, எந்தப் பிளேட்லெட்டையும் எழுப்பிவிடும். மூன்றாவது ஓர் அமிலம். பெயர் நீளமானது, இங்கே வேண்டாம். அது பிளேட்லெட்டுக்குள் போய் வேலை செய்வது, வாசல் கதவோடு அதற்குச் சம்பந்தமில்லை.

கதவு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டைரக்டருக்குத் தெரிந்த ஒரு வெளிநாட்டு லேப், ஒரு ஜீனை நீக்கி உருவாக்கிய எலிகள் சிலவற்றைக் கொடுத்திருந்தது. அந்த ஜீன் இல்லாததால், கொலாஜனைக் கண்டுகொள்ளும் கதவு அந்த எலிகளின் பிளேட்லெட்டில் சரியாக இருக்காதோ என்று ஒரு சந்தேகம். அது உண்மையா என்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி. கதவு இல்லையென்றால் கொலாஜனுக்குப் பேனா படுக்கும். மற்ற இரண்டுக்கும் ஏறும். பத்தாவது படிக்கும் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

வெளிநாட்டு எலிகள் வந்ததும் அவற்றுக்கு ஏ.சி. ரூம் கொடுத்தார்கள். நிலையத்தில் இருந்த ஒரே ஏ.சி. அதுதான். சித்திரை வெயிலில் நாங்கள் வியர்வையைப் புறங்கையால் வழித்துக்கொண்டு வேலை செய்வோம், எலிகள் குளுகுளுவென்று தூங்கும். உள்ளூர் எலிகளுக்கு மின்விசிறி. டைரக்டர் ஏ.சி. ரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று, பேரன் பேத்திகளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார். உள்ளே போகமாட்டார், வாடை ஆகாது.

இப்படிப்பட்ட சோதனையில், ஜீன் இருக்கும் எலியும் ஜீன் இல்லாத எலியும் ஒரே தாய் வயிற்றுக் குட்டிகளாக இருக்கவேண்டும், ஒரே கூண்டில், ஒரே தீனியில் வளரவேண்டும். அப்போதுதான் வித்தியாசம் ஜீனால் வந்தது என்று சொல்லமுடியும். இதை நான் சொன்னபோது டைரக்டர் சிரித்தார். "எலி எலிதானுங்கம்மா. நம்ம ஊரு எலிய வெச்சு ஒப்பிட்டாப் போதும்" என்றார். அங்கெல்லாம் இப்படிச் செய்வார்களா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. தை மாதத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

வெளிநாட்டு எலிகள் விலைமதிப்பில்லாதவை என்பதால் அவற்றைக் கொல்லக்கூடாது. அதனால் திங்கட்கிழமைதோறும் வால் நுனியை நறுக்கிச் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்து, நாலைந்து எலிகளின் ரத்தத்தைச் சேர்த்துக்கொள்வோம். உள்ளூர் எலிகளுக்கு அந்த மரியாதை இல்லை. மயக்கம் கொடுத்து இதயத்திலிருந்து மொத்தமாக உறிஞ்சிக்கொள்வோம், ஒரே தடவையில் கதை முடிந்துவிடும். இது டைரக்டருக்குச் சிக்கனம். எங்கள் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. பழகாதவர் ஒருவர் இருந்தார்.

எலிகளைப் பார்த்துக்கொண்ட அக்காதான் அது. நாற்பதைத் தாண்டியவர். டிரஸ்ட் குடும்பத்து மில்லில் பதினெட்டு வருடம் நூல் ஓட்டியவர். மில்லை மூடியபோது போராட்டம் செய்யாமல் சும்மா இருந்த சிலருக்கு இங்கே வேலை கொடுத்தார்கள், அதில் ஒருவர். கூண்டு கழுவுவது, தீனி போடுவது, தண்ணீர் பாட்டில் மாட்டுவது அவர் வேலை. பாட்டில்களைக் கவிழ்த்து மாட்டி, குழாய் நுனியில் ஒரு சொட்டு வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கூண்டுக்குப் போவார். நிலையத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவரையும் பெரிதாக மதிக்கத் தோன்றவில்லை. தங்க மெடல் வாங்கியவள் இல்லையா.

வெளிநாட்டு எலிகளை அவர் ஒரம்பரை என்றுதான் சொல்வார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களுக்கு அந்தப் பெயர். "ஒரம்பரைக்குத் தண்ணி மாத்தோணுமுங்க அம்மணி", "ஒரம்பரை நேத்து சரியாத் திங்கலீங்க" என்பார். முதலில் கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை. எங்கிருந்தோ கப்பலோ விமானமோ ஏறி நம்மை நம்பி வந்திருக்கின்றன, நாம் வாலை நறுக்குகிறோம் என்று அவருக்கு நிஜமாகவே சங்கடம். திங்கட்கிழமைகளில் நான் கத்தரியை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சோதனை ஆரம்பித்த சில மாதங்களிலேயே முடிவு தெரிந்துவிட்டது. உள்ளூர் எலிகளின் ரத்தத்தில் மூன்று மருந்துக்கும் பேனா ஏறியது. ஒரம்பரை எலிகளின் ரத்தத்தில் கொலாஜனுக்குப் பேனா ஏறவில்லை. டைரக்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தேர்தலில் ஜெயித்தவர்போல் வராந்தாவில் எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டு நடந்தார். கதவு இல்லை, கதவு இல்லை என்று போனில் யார் யாரிடமோ சொன்னார். கேட்டவர்கள் அவர் வீட்டில் திருட்டுப் போய்விட்டதோ என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. மூன்றாவது குப்பிக்கும் பேனா ஏறவில்லை. கதவோடு சம்பந்தமே இல்லாத அமிலத்துக்கு அது ஏன் படுக்கவேண்டும்? கேட்டேன்.

"அதும் ஜீன்தானுங்கம்மா" என்றார் டைரக்டர்.

"அந்த ஜீனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்களே சார்."

"இருக்குதுன்னு இனிமேதான் உலகத்துக்குத் தெரியப்போகுது."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரையாவது பொறுத்துக்கொள்ளலாம். இவர் பிடித்த எலிக்கு நாள்தோறும் ஒரு கால் புதிதாக முளைத்தது. வால் நறுக்கினால் ஒரம்பரை எலிகளுக்கு ரத்தம் சீக்கிரம் நிற்பதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அதையும் தான் எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் சேர்த்துவிட்டார்.

பணம் கொடுக்கும் குழு ஒன்று நேரில் பார்க்க வரப்போவதாகக் கடிதம் வந்தது. அவர்கள் கண்முன்னால் சோதனையைச் செய்து காட்டவேண்டும். நன்றாக நடந்தால் நிலையத்துக்குப் புது மெஷின்கள், எனக்கு ஆர்டர். டைரக்டர் ஒரே வரைபடத்தை என்னிடம் ஏழு தடவை வரைய வைத்தார். கோடு போதுமான அளவு படுக்கவில்லையாம். எனக்குத் தலை வெடித்தது. இரண்டு நாள் ஓயாத தலைவலி. எலி ரூமில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா ஒரு தகர டப்பாவைத் திறந்தார். டப்பா நிறையத் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வெள்ளை மாத்திரைகள்.

"மில்லுல டிஸ்பென்சரில இதுதானுங்க குடுப்பாங்க. தலவலின்னாலும் இது, கால் வீங்குனாலும் இது, மிசின்ல கை மாட்டுனாலும் இது. பழகிப்போச்சுங்க. என்னேரமும் கைல வெச்சிருப்பேன்."

ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தார். குடித்தேன். கயிறு மில்காரரைப் பற்றியும் அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். முறுக்குக் கதையைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "தையிக்குள்ள ஆர்டர் வந்துருமுங்க அம்மணி, கவலப்படாதீங்க" என்றார்.

மாதத்துக்கு ஒருமுறை மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மனித ரத்தம் ஒன்று ஓட்டுவோம். அந்த மனிதர் பெரும்பாலும் நான்தான். மறுநாள் என் முறை. கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன், சுழற்றினேன், முதல் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். பேனா படுத்துக் கிடந்தது. த்ராம்பினுக்கு ஏறியது. மூன்றாவது குப்பிக்கு மறுபடி படுத்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து உள்ளூர் எலி ரத்தத்தை ஓட்டினேன். மூன்றுக்கும் அழகாக ஏறியது.

என் கோட்டையும் ஒரம்பரை எலியின் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அச்சு அசலாக ஒன்று. என் ஜீனை யாரும் நீக்கவில்லை. நான் பொள்ளாச்சியில் பிறந்தவள்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ரத்தம் கொடுப்பவர்கள் பத்து நாளைக்கு ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக்கூடாது என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியவள் நான். ஒரே ஒரு ஆஸ்பிரின் போதும், உடம்பிலிருக்கும் பிளேட்லெட்டுகளின் ஒரு வழியை அடைத்துவிடும். புதுசு பிறந்து வரும்வரை அடைப்பு நீங்காது. அந்த வழி அடைந்தால் கொலாஜன் கொஞ்சமாகப் போட்டால் எழும்பாது, மூன்றாவது அமிலத்துக்கு அசையவே அசையாது. பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நுரைக்கிற மாத்திரை வேறு, ஆஸ்பிரின் வேறு என்று எண்ணியிருந்தேனா, எதையுமே எண்ணவில்லையா, தெரியவில்லை. படித்த முட்டாளைப்போல் ஒரு முட்டாள் கிடையாது.

எலி ரூமுக்கு ஓடினேன். அக்கா பாட்டில்களுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ஏ.சி. ரூம் பாட்டில்கள் மட்டும் தனியாக ஒரு தட்டில். ஒவ்வொன்றிலும் அடியில் மெல்லிய நுரை.

"இதுல என்ன போட்டிருக்கீங்க அக்கா?"

அவருக்கு ஒளிக்கத் தெரியவில்லை. ஒளிக்க ஏதாவது இருக்கிறது என்றே தெரியவில்லை. "மாத்திரைங்க. பாட்டிலுக்கு அரை மாத்திரை. வாரா வாரம் வால வெட்டறோமுங்களே, நோவாதுங்களா? புளிச்சுக்கெடக்குமேன்னு கொஞ்சூண்டு வெல்லமும் நுணுக்கிப் போடுவேன். குடிச்சுக்குதுங்க."

"மத்த எலிகளுக்கு?"

"அதுகளுக்கு எதுக்குங்க? அதுகள ஒரே வெட்டா முடிச்சுபோடறீங்க. செத்ததுக்கு நோவு ஏதுங்க."

எத்தனை நாளாக என்று கேட்டேன். வந்த முதல் வாரத்திலிருந்து என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்தார்கள் என்பார்கள். எங்கள் டைரக்டர் எலியைக் கெல்லித் தலைவலி மாத்திரையைப் பிடித்திருந்தார்.

இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். தயங்கினார், ஆனால் நிறுத்தினார். அதற்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் மூன்று குப்பிக்கும் பேனா ஜோராக ஏறியது. கதவு இருந்த இடத்திலேயே இருந்தது. ஜீன் போனதால் ஒன்றும் ஆகவில்லை. அக்கா வேறொன்றையும் கவனித்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, மாத்திர நிறுத்துனதுக்கப்பறம் வால்ல ரத்தம் வெரசா நின்னுபோகுதுங்க. நான் நோவுக்குன்னு போட்டதுதான் ரத்தத்த நிக்காமப் பண்ணுச்சுங்களா?"

ஆமாம் என்றேன். ரத்தம் நிற்காததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் போட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். டைரக்டர் ஒரு வருடமாகக் கண்ணாடி வழியாகப் பார்த்தும் பிடிபடாத உண்மையை, நூல் ஓட்டிய பெண் இரண்டு வாரத்தில் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார்.

குழு வரப் பத்து நாள் இருந்தது. டைரக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோடுகளை மேசைமேல் பரப்பினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் திட்டுவதில்லை. அவர்களுடைய மரியாதையைக் கண்டுதான் பயப்படவேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேற யாருக்குங்கம்மா தெரியும்?"

"எலி ரூம் அக்காவுக்கு."

"சேரி. கமிட்டி வந்துட்டுப் போறவரைக்கும் எலிக எப்பவும் போல இருக்கட்டுமுங்க. அப்பறமா நிதானமாப் பாத்துக்கலாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க ஆர்டர் டைப் பண்ணியாச்சு. என்ற டிராயர்லதான் இருக்குது."

மாத்திரை போடு என்று அவர் சொல்லவில்லை. எப்பவும் போல என்றுதான் சொன்னார். இந்த மாதிரி ஆட்கள் கையில் எப்போதும் கறை படியாது. வெளியே வந்து வராந்தாவில் நின்றபோது எனக்கு அவர்மேல் அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடேயே நேராக எலி ரூமுக்குப் போனேன்.

அக்காவிடம் மறுபடி மாத்திரை போடவேண்டும் என்றேன். பத்து நாளைக்கு மட்டும்.

அவர் கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தார். "வாலெல்லாம் ஆறிப்போச்சுங்களே. நோவு இல்லாததுக்கு எதுக்குங்க மாத்திர?"

ஆர்டர் என்று முனகினேன். தை என்றேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. தகர டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, தீனி மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார்.

நானே போட்டேன். பாட்டிலுக்கு அரை. முதல் நாள் எலிகள் குடிக்கவே இல்லை. நுனியில் நாக்கை வைத்துவிட்டு விலகிப்போயின. வெல்லம் மறந்துவிட்டது. எங்கே வைத்திருக்கிறார் என்று தெரியாததால் அக்காவிடமே போய்க் கேட்கவேண்டியிருந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் எலி கடிக்குமா என்று கேட்டார். இன்னொருவர் ஏ.சி. எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். மூன்றாமவர் மதியச் சாப்பாட்டுக்குக் கோழியா ஆடா என்பதில் மட்டும் அக்கறை காட்டினார். ரத்தம் எடுத்தேன், சுழற்றினேன், சொட்டு விட்டேன். பேனா படுத்தே கிடந்தது. டைரக்டர் கதவு இல்லை என்றார். மூவரும் தலையாட்டினார்கள். மூன்றாவது குப்பிக்கு ஏன் படுக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாராவது கேட்டுவிடமாட்டார்களா என்று எனக்கு ஒரு நிமிடம் ஏக்கமாகக்கூட இருந்தது. கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

மார்கழியில் ஆர்டர் கையில் வந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன். "சேரி, பத்திரமா இரு" என்றார். கயிறு மில்காரருக்கு அதே தையில் வேறு பெண் கிடைத்துவிட்டாள். அக்காவுக்கு ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நல்லா இருங்க அம்மணி" என்றார்.

ஐந்து மாதம் கழித்து எலி கொடுத்த வெளிநாட்டு லேபிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரையில் இருந்த எங்கள் முடிவை அவர்களால் திரும்பக் கொண்டுவர முடியவில்லையாம். மூன்றாவது மருந்துக்கும் கோடு படுப்பது ஆஸ்பிரினின் அடையாளம்போல் இருக்கிறது, எலிகளுக்கு ஏதாவது மருந்து போகிறதா என்று பாருங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மூன்று வரியில் முடித்துவிட்டார்கள். அவர்கள் "இங்கெல்லாம்" என்று எதையும் ஆரம்பிக்கவில்லை.

டிரஸ்ட் மேனேஜர் ஒரு விசாரணை வைத்தார். டைரக்டர் அதிர்ச்சியடைந்த முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை அவர் எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அக்காவைக் கூப்பிட்டார்கள். கேள்வி பதிலை எழுதிக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. நான் இப்போது நிரந்தர ஊழியர்.

"எலித் தண்ணில மாத்திர போட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

"போட்டேனுங்க."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க. நோவுல கெடந்துதுங்க, போட்டேன்."

"கமிட்டி வந்த வாரத்துலயும் நீங்கதான் போட்டீங்களா?"

என் பேனா நின்றது. டைரக்டர் ஜன்னலைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த என் நோட்டைப் பார்த்தார்.

"எல்லா நாளும் தண்ணி வெக்கிறது நாந்தானுங்க" என்றார்.

அதில் பொய் என்று எதுவும் இல்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த வாரம் போட்டவள் நான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பொள்ளாச்சி பஸ் கண்முன்னால் வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும், அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

அனுமதியில்லாமல் விலங்குகளுக்கு மருந்து கொடுத்ததற்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். டைரக்டர் வருத்தத்தோடு கையெழுத்துப் போட்டார். கடைசி நாள் சாயங்காலம் அக்கா எல்லாக் கூண்டுகளையும் கழுவி, எல்லாப் பாட்டில்களையும் மாட்டி, ஒவ்வொன்றின் நுனியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என் மேசைக்கு வந்து அந்தத் தகர டப்பாவை வைத்தார்.

"வெச்சுக்கங்க அம்மணி. உங்களுக்கு அடிக்கடி தலவலி வருமுங்களே. ரத்தம் குடுக்கறதுக்கு முந்தி மட்டும் போட்டுக்காதீங்க, கோடு படுத்துக்கும்."

குத்திக்காட்டினாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தேடினேன். அக்கறைதான் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. வாரேனுங்க என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அன்று இரவு முழுக்க எனக்குத் தலை பிளந்தது. டப்பாவைத் திறக்கவில்லை.

மறுநாள் மெஷினைச் சரிபார்க்கும் நாள். கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன். முதல் குப்பிக்குப் பேனா ஏறியது. இரண்டாவதுக்கு ஏறியது. மூன்றாவதுக்கும் ஏறியது. ரத்தம் கொடுத்தவருக்கு ஒரு குறையும் இல்லை என்று நோட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.